இது என்ன மாவு?

அப்பா மாவு மில் நடத்தியவர். வாடிக்கையாளர் மாவில் கல் இருக்கக்கூடாது என்பதில் காட்டிய அக்கறையைத் தன் நுரையீரலிடம் காட்டவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு விசிலடிக்கும். டாக்டர் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காது.

ஒருவழியாக இழுத்துக்கொண்டு போனேன். அம்மா வந்தால் ஊர்க்கதையெல்லாம் பேசுவாள் என்று வீட்டிலேயே விட்டுவிட்டோம்.

“ஏதாவது மருந்து ஒத்துக்காதா?” என்று டாக்டர் கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன்.

கருவியில் போட்டு உறிஞ்சும் பொடி மருந்து. மருந்துக்கடையில் அப்பா அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மில்காரர் புத்தி போகுமா?

“இது என்ன மாவு தம்பி?”

“முக்கால்வாசி பால் சர்க்கரைதாங்க. மருந்து ஒரு சிட்டிகை.”

வீட்டில் கருவியை வாயருகே கொண்டுபோனவர், அதைச் சொல்லி அம்மாவிடம் சிரித்தார். “பாத்தியா, மருந்துலயே கலப்படம்!”

அம்மா பாய்ந்து வந்து பிடுங்கினாள். “பாலா? ஒரு வாய் ஐஸ்கிரீமுக்கே தொண்டை அடைச்சு ஆஸ்பத்திரியில கெடந்தீங்களே, மறந்துபோச்சா?”

“அது சாப்பாடு. அவரு மருந்தைத்தானே கேட்டாரு?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பாலே கிடையாது. நான் பால் குடித்து வளர்ந்தது பக்கத்து வீட்டு அத்தை சமையலறையில். எனக்கும் டாக்டரிடம் சொல்லத் தோன்றவில்லையே!

மறுநாள் மூவரும் போனோம். டாக்டர் பதறிவிட்டார். “அந்தச் சர்க்கரையோட துளி பால் புரதம் ஒட்டிக்கிட்டு வரும். இவருக்கு அதுவே உயிருக்கு ஆபத்து. சாப்பாட்டுல எது ஆகாதுன்னாலும் முதல்லயே சொல்லணும்.” பொடி இல்லாத ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார்.

“இதுல பால் இல்லையே?” என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். “வீட்டுல நான் பாலே வாங்கறதில்ல டாக்டர். கை மறந்து ஸ்பூன் மாறிட்டா?”

“உங்களுக்கும் பால் பிடிக்காதோ?”

“எனக்கா? பால் டீன்னா உயிர்!”

அம்மாவுக்குக் கறுப்பு டீதான் பிடிக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். திரும்பும் வழியில் அவர் டீக்கடை முன்னால் நின்றார்.

“ஒரு பால் டீ.”

கிளாஸைக் கை நீட்டி, எட்டத்தில் பிடித்தபடி கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார்.

“தள்ளி நில்லுங்க, மேல சிந்திடப் போவுது” என்று அதட்டிவிட்டு அம்மா ஒரு மிடறு குடித்தாள். அப்பா சாலையின் அந்தப் பக்கம் போய் நின்று, கிளாஸ் காலியாகும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.