பாடத்தைச் சோதித்தவர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்துக்காக இணையவழிக் கணினிப் பாடங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி செய்துதான் பாடம் அமைக்கிறோம் என்று முதலாளி போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அந்த ஆராய்ச்சியின் லட்சணத்தை நானும் பார்த்தேன். கணினிப் பேராசிரியர்கள் சிலரை வரவழைத்து, பாடத்தைத் திரையில் ஓடவிட்டார். அவர்கள் மிக்சரைக் கொறித்துக்கொண்டே, பாடம் எளிதாகப் புரிகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். புரியாமல் என்ன செய்யும்? கல்லூரியில் தினமும் அதைத்தானே நடத்துகிறார்கள்.

“படிக்கப்போற பிள்ளைகள்ட்ட ஒரு தடவை காட்டிப் பாக்கலாமே, அண்ணாச்சி” என்றேன்.

மடையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“பாடமே தெரியாத பிள்ளைகள்ட்ட காட்டுனா, அதுகளுக்கு எப்படி வே புரியும்?”