மெல்லினம் இல்லாத மொழி

இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு புரட்டாதிக் காலையில், சின்ன மகளோடு ஒஸ்லோத் துறைமுகத்திலிருந்து தீவுப் படகில் போனேன். பனிமூட்டத்தில் கரையும் தண்ணீரும் ஒன்றாகிக் கிடந்தன. பக்கத்தில் இருந்த பெண் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். அமெரிக்காவில், சியாட்டில் பக்கத்துக் கடலோரப் பழங்குடியாம். நோர்வேயின் வடக்கிலுள்ள சாமி என்ற பழங்குடி மக்களைச் சந்திக்க வந்தவராம். தங்கள் கடலும் காலையில் இப்படித்தான் கிடக்கும் என்றார். அவர்களுடைய மொழி லஷூட்சீட். அதில் ம, ந போன்ற மெல்லின ஒலிகள் இல்லையாம். பழங்கதைகளில் வரும் சிலர் மட்டும் அந்த ஒலிகளோடு பேசுவார்களாம்.

மகளுக்குச் சொன்னேன்.

"அப்ப அம்மாவை எப்பிடிக் கூப்பிடுவினம்? கேளுங்கோவன், அம்மா."

கேட்டேன்.

"ஸ்குய்," என்றார். நடுவில் தொண்டைக்குள் நீர்க்குமிழி ஒன்று வெடித்ததுபோல் இருந்தது. மகள் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. அவர் சிரித்தபடி திரும்பவும் சொன்னார். பனிக்குள் அந்தச் சொல் இருவருக்குமிடையில் போய் வந்துகொண்டிருந்தது. முதல் தீவில் அவர் இறங்கிக் கையசைத்தார். சற்றைக்குள் அந்தக் கையும் தெரியவில்லை.

எங்கள் வீடிருக்கும் குரோருட்டுக்குத் திரும்பும் ரயிலில், என் மடியில் அரைத்தூக்கமாய்க் கிடந்தவள், "ஸ்குய்," என்று கூப்பிட்டாள்.

"ஓம், பிள்ளை," என்றேன்.