நல்ல மண் என்று எழுதியிருந்தார்கள்

மாசி வெயிலில் கோவில்பட்டிக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. அரசு மருத்துவமனைக் கட்டடங்களுக்கான மதிப்பீடுகளைச் சென்னையில் உட்கார்ந்து சரிபார்ப்பது என் வேலை. வீட்டில் கேட்டால், எதிலும் பத்து ரூபாய் குறைக்காமல் தூங்க மாட்டான் என்பார்கள். கடம்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிரசவ அறை கட்ட ஒப்புதல் ஆகியிருந்தது. டெண்டர் விடுகிற நேரத்தில், அடித்தளத்துக்கு மட்டும் பதினெட்டு லட்சம் கூடுதலாகக் கேட்டுக் கோப்பு வந்தது. மார்ச் முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால் ஒதுக்கிய பணமே திரும்பிப் போய்விடும். நேரில் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

இரவு ரயிலில் ஏறினால் காலையில் கோவில்பட்டி. ஸ்டேஷனுக்கு எதிரே இட்லி, காபி அறுபது ரூபாய். கிராமம் இருபத்திரண்டு கிலோமீட்டர். போகவர, காத்திருப்பும் சேர்த்து ஆட்டோக்காரர் எழுநூறு கேட்டார். பேசி ஐம்பது குறைத்தேன், பழக்கதோஷம்.

"ஆஸ்பத்திரி கட்டவா வருதீங்க அண்ணாச்சி?" என்றார் ஆட்டோக்காரர்.

"கூடக் கேட்ட பணத்தைக் கொடுக்கலாமான்னு பார்க்க வந்தேன்."

கருவேல மரங்கள் அடர்ந்த ஒரு வளைவில் அவர் வண்டியை மெதுவாக்கினார். "இங்கனதான் சீனியம்மா மருமவளுக்குப் புள்ள பொறந்துச்சு. என் வண்டியிலயே. ரெண்டு உசுரும் பொழைச்சது சாமி புண்ணியம்."

குறைத்த ஐம்பதை அப்போதே மனத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சீனியம்மாள்தான் கட்டடத்துக்கு நிலம் கொடுத்தவர். ஐம்பதைத் தாண்டியவர், உளுந்தும் பருத்தியும் போடுகிற விவசாயி. மாவட்டப் பொறியாளர் மகேஸ்வரியும் அவருமாக நிலத்தில் காத்திருந்தார்கள். அறுவடை முடிந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் என் குடையை விட்டுப் பார்த்தேன். பாதிக் குடை உள்ளே போய்விட்டது.

கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலோட்டமாக அடித்தளம் போட்டால் சுவர் பிளந்துவிடும். ஆழமாகத் துளையிட்டுத் தூண் இறக்க வேண்டும். கேட்ட பணம் நியாயம்தான். ஆனால் திருத்திய மதிப்பீடு ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கி, நிதித்துறை வரை போய்வர மார்ச் பத்தாது.

"முதல் அறிக்கையில் நல்ல மண் என்று இருந்ததே?" என்றேன்.

மகேஸ்வரி சிரித்துவிட்டார். "அது கிராம நிர்வாக அலுவலர் எழுதுனது சார். இந்தப் பக்கம் நல்ல மண்ணுன்னா கரிசல். சென்னையில அதைக் கெட்டி மண்ணுன்னு படிச்சிட்டாங்க."

"அவிய எழுதுனதுல என்ன தப்பு?" என்றார் சீனியம்மாள். "ஊர்லயே இதுதான் நல்ல மண்ணு."

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சரளை மேடு. புல்கூட இல்லை. யாருடையது என்று கேட்டேன்.

"எங்களுதுதான். அதையா கேக்குதீங்க? புள்ள பொறக்குத எடத்துக்குத் தரிசைக் குடுத்தாகன்னு ஊரு பேசாதா?" அவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குச் சங்கடமாக இருந்தது.

மகேஸ்வரி ஆள் வைத்துச் சரளையில் குழி போடச் சொன்னார். முழங்கை ஆழத்தில் கடப்பாரை ணங்கென்று திரும்பி வந்தது. அங்கே கட்டினால் பழைய தொகையே போதும், இடத்தை மாற்ற மாவட்ட ஒப்புதல் போதும் என்று விளக்கினேன். சீனியம்மாள் திரும்பித் தன் கரிசலைப் பார்த்தார்.

வண்டியில் சாய்ந்து நின்ற ஆட்டோக்காரர்தான் சொன்னார்: "சின்னம்மா, அடுத்த புள்ளையும் என் வண்டியில வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று சீனியம்மாள் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

திரும்பும் வழியில் கடம்பூரில் போளி வாங்கினேன். ஆட்டோவுக்கு எழுநூறாகவே கொடுத்தேன். இதுபோன்ற வேலையாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. குடை கொண்டுவாருங்கள், வெயிலுக்கும் ஆகும், வெடிப்பு பார்க்கவும் ஆகும். மண் பரிசோதனையை மதிப்பீடு போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஒப்புதலான பிறகு செய்தால் என் மாதிரி ஒருவன் வந்து, மனதாரக் கொடுத்தவரின் முகத்தை வாட வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றபோது மகேஸ்வரியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது சீனியம்மாள்.

"எழுதிக்கோங்க சார். எங்க மாமனார் காலத்துல இருந்து அங்கன ஒண்ணும் மொளைச்சதில்ல. இனிமே புள்ளைகளாவது பொறக்கட்டும்."

ரயிலிலேயே அறிக்கையை முடித்தேன். மண் வகை: சரளை. பக்கத்தில், கட்டடத்துக்கு நல்ல மண் என்றும் எழுதினேன்.