ஓட்டிப் பார்க்காத பாதி வரி

மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காக, புயல் எச்சரிக்கை வந்தால் எல்லோர் செல்போனுக்கும் மெசேஜ் அனுப்பும் ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்டைத் திண்டிவனத்தில் இருந்தபோது எழுதிக் கொடுத்தேன். ‘எச்சரிக்கை இருந்தால், மெசேஜ் அனுப்பு’ என்று ஒரே வரி. தொடரியல் சோதனை பிழையில்லை என்றது. ஒரு மாதம் நன்றாக ஓடியது.

உண்மையில் கடல் அமைதியாக இருந்ததால், முதல் பாதிக்கே ‘இல்லை’ என்று பதில் கிடைத்து, கம்ப்யூட்டர் அடுத்த பாதியைத் தொடவே இல்லை. அங்கே கட்டளையின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். வாக்கிய அமைப்பை மட்டும் பார்க்கும் சோதனைக்கு அது தெரியவில்லை.

எச்சரிக்கை வந்த அன்று ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் நின்றுபோனது. காலையில் கடலுக்குப் போன ஒருவர், மூன்றாம் நாள் பிணமாகக் கரை ஒதுங்கினார்.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி செல்போனை நீட்டினார்.

“இத பாரு தம்பி. மெசேஜ் வர்லன்னு சொல்லிக்கினுதான் போனாரு. டிவில சொன்னாங்களாம், அவருதான் பாக்காம போய்ட்டாருன்னு ஊரே சொல்லுது.”

“டவர் கிடைச்சிருக்காதுக்கா” என்றேன்.

அவர் நம்பினார். வெயிலில் வந்திருக்கிறேன் என்று தண்ணீர் கொடுத்தார்.

அந்த எழுத்தை அன்றே சேர்த்துவிட்டேன். ஆனால் பிழை செய்ததைவிட, அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்ததுதான் இன்றும் என்னை அறுக்கிறது.