ஓட்டையில்லாத டியூப்

இதைச் சொல்லுகிறவன் எப்படிப்பட்டவன் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் சிரிப்பதென்றால் சிரியுங்கள். மேலப்பாளையத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எந்தப் பொருள் கெட்டாலும் காரணம் அதற்குள்ளேயே இருக்கும், கழற்றிப் பார்த்தால் கிடைத்துவிடும், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தத்துவம். ஜின் என்றும் காத்து கருப்பு என்றும் யாராவது கடையில் பேச்செடுத்தால், "அதைக் கையோட பிடிச்சுக் கொண்டாங்க, கழத்திப் பாக்கேன்" என்று வாயை அடைத்துவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்கிறேன் என்பது வேறு விஷயம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்குப் பிடிக்காது, அதனால் கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். என் பழைய கூட்டாளி இசக்கி வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன், அவனும் ஒரு சைக்கிள் வாங்கினான், ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் எங்காவது கிளம்பிவிடுவோம். அன்றைக்குப் பத்தமடைக்குப் போனோம். லாத்தா ஒரு கோரைப்பாய் கேட்டிருந்தாள். லாத்தா என்றால் என் அக்கா. மச்சான் சவூதியில் இருக்கிறார், லாத்தாவும் அவள் மகள் பர்வீனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். லாத்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மெத்தையில் படுத்தால் தூசியில் மூச்சு திணறுகிறது, பாய் என்றால் அடிக்கடி துடைத்துக்கொள்ளலாம் என்றாள். என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காயல்பட்டினத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்த நேரம் அது, வீட்டில் லாத்தாவும் பர்வீனும் மட்டும்தான்.

பாயைச் சுருட்டி என் முதுகில் குறுக்காகக் கட்டிக்கொண்டு திரும்பினோம். வில் இல்லாமல் அம்பு மட்டும் கொண்டு போகிறேன் என்று இசக்கி வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தான். மேலச்செவல் தாண்டியதும் பின்சக்கரம் தரையில் தட்டியது. இறங்கிப் பார்த்தால் காற்று சுத்தமாக இல்லை. அந்தப் பக்கம் சாலையோரமெல்லாம் உடைமரம், முள் ஏறியிருக்கும் என்று நினைத்து ஒரு மர நிழலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டயரைக் கழற்றினோம். டயரின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினேன், முள் இல்லை. டியூபில் காற்றடித்துப் பக்கத்து வாய்க்காலில் முக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வில் எச்சில் தொட்டு வைத்தோம், அங்கேயும் ஒன்றுமில்லை. ஓட்டை இருந்தால்தானே ஒட்டுப் போட முடியும். மாற்று டியூபைப் போன வாரம் இசக்கிக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்க மறந்திருந்தேன். அதே டியூபைப் போட்டுக் காற்றடித்துக் கிளம்பினோம்.

பிராஞ்சேரி வருவதற்குள் மறுபடி இறங்கிவிட்டது. மறுபடி கழற்றல், மறுபடி வாய்க்கால், தண்ணீருக்குள் பிடித்தால் டியூப் கல்லு மாதிரி இருக்கிறது, டயருக்குள் போட்டால் துவண்டுவிடுகிறது. இசக்கி மூக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இது என்னவே, காத்து போகுத எடமே தெரியமாட்டக்கு. உம்ம சைக்கிளுக்குக் காத்து அடிச்சிட்டுவே, உங்க ஊர் கொழும்புப் பள்ளிவாசல்ல ஓதி நூல் கட்டும்."

எங்கள் ஊரில் டயரில் காற்று அடித்தாலும் 'காத்து அடிக்கி'தான், ஆளுக்குப் பேய் பிடித்தாலும் 'காத்து அடிச்சிட்டு'தான். அந்த ஒரு சொல்லை வைத்து அவன் இன்னும் என்னென்னவோ சொன்னான், நானும் சிரித்தேன். உச்சிவெயில் ஏறிவிட்டது, சாலையில் ஒரு பஸ்கூட இல்லை. அப்போதுதான் பர்வீன் போன் பண்ணினாள்.

"மாமா, எங்கன இருக்கிய? உம்மாவுக்கு மூச்சு முட்டுது மாமா. ரெண்டு தடவ வந்து வந்து நின்னுச்சு, இப்பம் ரொம்ப இழுக்கு."

"பம்பை எடுத்து அடி" என்றேன். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குப்பியை எங்கள் வீட்டில் பம்பு என்றுதான் சொல்வோம்.

"அடிச்சேன் மாமா, ஒண்ணும் வரமாட்டக்கு. காலியாயிட்டு."

அவள் குரலுக்குப் பின்னால் லாத்தாவின் மூச்சு எனக்குக் கேட்டது. விசில் மாதிரி மெலிதாக ஒரு சத்தம், அதற்கப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி அந்த விசில். பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிடு, அதுவரைக்கும் விடாதே, எப்படியாவது அடி என்று கத்தினேன். "அடி, பம்பை அடி, நிறுத்தாம அடி" என்று சாலையில் நின்று கூப்பாடு போட்டேன்.

இசக்கி என் காலடியில் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தான். நான் அவனைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான். முணுமுணுத்துக்கொண்டே கைப்பம்பை வால்வில் மாட்டி அடிக்க ஆரம்பித்தான்.

"மாமா, மூச்சு வருது" என்றாள் பர்வீன்.

காலிக் குப்பியில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அல்லாவே என்று பெருமூச்சு விட்டேன். இசக்கி வியர்வையைத் துடைக்கப் பம்பைக் கீழே வைத்தான். புஸ்ஸென்று இல்லை, சத்தமே இல்லாமல் டயர் என் கண்ணெதிரே பைய இறங்கியது. போனில் விசில் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இசக்கி மறுபடி பம்பைக் கையில் எடுத்தான், பர்வீன் மறுபடி "வருது மாமா" என்றாள். அவன் நிறுத்தினான், அவள் அழுதாள். மூன்றாவது தரம்தான் எனக்கு உறைத்தது, முதுகில் கட்டியிருந்த பாய் திடீரென்று கனத்தது. இதற்குள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், இசக்கியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். என் முகத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான், பம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து அடிக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் கிண்டல் பேசவே இல்லை.

கடையில் ஒரு போன் இப்படி விட்டு விட்டு வேலை செய்தால், ஒயரை எடுத்தும் தொட்டும் பார்ப்பேன், கோளாறு இருக்குமிடம் தெரிந்துவிடும். அதுதான் முறை. ஒரு நிமிஷம் பம்பை நிறுத்திப் பார்த்திருந்தால் இது தற்செயலா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் ஒயருக்கு அந்தப் பக்கம் இருந்தது என் லாத்தா. அதைத் தொட்டுப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

இசக்கிக்குக் கை ஓய்ந்தால் நான், எனக்கு ஓய்ந்தால் அவன். அது சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகிற சின்னப் பம்பு, எவ்வளவு அடித்தாலும் கொஞ்சம்தான் ஏறும். கை மாற்றுகிற இடைவெளியில்கூட டயர் தொய்ந்தது, அதைப் பார்த்த பிறகு ஒருவன் கை எடுப்பதற்கு முன்னாலேயே மற்றவன் கை வைத்துவிட்டோம். ஆட்டோ வந்த சத்தம் கேட்டது, லாத்தாவை ஏற்றுகிற சத்தம் கேட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன பக்கத்துல பஞ்சர் கடை இருக்கு, ஏன் கெடந்து சாகுதிய?"

"இருக்கட்டும், நீங்க போங்க" என்றான் இசக்கி. அவன் உள்ளங்கையில் தோல் உரிந்து பம்பின் பிடியெல்லாம் ஈரமாக இருந்தது. நான் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன், அவன் தன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், ரோட்டில் போகிறவன் பார்த்தால் இரண்டு பைத்தியம் சைக்கிள் டயருக்குப் பூசை செய்கிறது என்றுதான் நினைத்திருப்பான்.

கடைசியில் பர்வீன் சொன்னாள், "மாமா, ஆஸ்பத்திரில மாஸ்க் வச்சுட்டாவ. பயமில்லன்னு சொல்லுதாவ மாமா."

இசக்கி பம்பை எடுத்தான். நாங்கள் இரண்டு பேரும் டயரையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினான், அசையவில்லை. பிறகு அதே சைக்கிளில் ஆஸ்பத்திரி வரைக்கும் மிதித்துப் போனோம், வழியில் ஒன்றும் ஆகவில்லை. வாசலில் சைக்கிளைவிட்டு இறங்காமலே நின்று, "வே காஜா, இத யாருகிட்டயும் சொல்லாதிரும், என்னையும் கேக்காதிரும்" என்று சொல்லிவிட்டு இசக்கி போய்விட்டான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கு அவன் வருவதில்லை.

லாத்தாவிடம் நாங்கள் இதைச் சொல்லவே இல்லை. மறுநாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"வாயெல்லாம் ரப்பர் நாத்தம்லே. சைக்கிள் கடைப் பக்கம் போனா அடிக்குமே, அந்த வாடை."

"மாஸ்க் வாடையா இருக்கும் லாத்தா."

"இல்லலே, வீட்டுல வச்சே அடிச்சுது." கஞ்சியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காத. அந்த மூச்ச நான் இழுக்கல. எனக்கு இழுக்கத் தெம்பே இல்ல. யாரோ உள்ள தள்ளிவிட்டாவ."

நான் சிரிக்கவில்லை.

அந்தச் சைக்கிளை அப்புறம் நான் ஓட்டவில்லை. வேறு ஒன்று வாங்கிக்கொண்டேன், இதை வீட்டு வாசல் நடையில் சுவரோரமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். யாரையும் தொட விடுவதில்லை. சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், ஓட்டாமல் நிறுத்தினாலும் டியூபில் காற்று தானாகக் குறையும், ஒரு மாதம் போனால் அமுங்கிவிடும். இதில் மாதக்கணக்காக அன்றைக்கு அடித்த காற்றே குறையாமல் இருந்தது. தினமும் விடியற்காலையில் பஜ்ருத் தொழுகைக்குப் போகும்போது முதல் வேலையாக அந்தப் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். அதற்கப்புறம்தான் கதவைத் திறப்பேன். கடையில் ஜின்னைக் கிண்டலடிக்கிற ஆள் வீட்டில் செய்கிற காரியம் இது.

போன வாரம் ஒரு காலையில் அழுத்தினேன், விரல் லேசாக உள்ளே போனது. உயிரே போய்விட்டது எனக்கு. லாத்தாவுக்கு ஒன்றுமில்லை, அடுப்படியில் ஆப்பம் சுட்டுக்கொண்டு பர்வீனைத் திட்டுகிற குரல் நன்றாகக் கேட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அந்தப் பழைய கைப்பம்பைத் தேடி எடுத்து, சத்தம் வராமல் பைய அடித்தேன். பயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே அடித்துவிட்டேன் போலிருக்கிறது.

திட்டுகிற சத்தம் நின்றது. அடுப்படியிலிருந்து லாத்தா சொன்னாள், "போதும்லே. நெஞ்சு நெறஞ்சிட்டு."

அடுப்படியிலிருந்து பார்த்தால் நடை தெரியாது.