டிக் போட்ட பிறகு

நான் கையெழுத்துப் போடாமல் ஒரு டிரையர்கூட எங்கள் பட்டறையை விட்டு வெளியே போகாது. போடியில், தேவாரம் போகிற ரோட்டில் இருக்கிற பட்டறை. ஏலக்காய் உலர்த்தும் இயந்திரம் செய்கிறோம். மலையில் பறித்த பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி உள்ளே வைத்தால், பச்சை நிறம் போகாமல் காய்ந்து வர வேண்டும். வருமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வந்து சேர்ந்தேன். யாராவது கேட்டால் ‘செக்கிங்’ என்பேன். என் முதுகுக்குப் பின்னால் பட்டறையில் வைத்திருக்கிற பெயர் வேறு. அதை இங்கே எழுத மாட்டேன்.

செக்கிங்குக்கு இரண்டு பக்கத் தாள் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியாகப் பார்த்து டிக் போட வேண்டும். ஒரு ஸ்குரூ குறைந்தாலும் திருப்பி அனுப்புவேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

அந்த வாயில் அதிகம் மாட்டியது வயரிங் செய்கிற பையன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன். என்னைவிட நாலு வயது சின்னவன். வேலைக்கு வந்த புதிதில், சூடான காற்றை ஊதுகிற ஒரு புளோயருக்கு இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டான். மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு எந்த இயந்திரத்தில் எது கெட்டாலும் எல்லார் கண்ணும் அவன் பக்கம் போகும். முதலில் போவது என் கண்.

அந்த வருஷம் டிரையரில் புதிதாக ஒரு சென்சார் சேர்த்தோம். காய் காயும்போது உள்ளே ஆவி சேரும். ஆவி கூடினால் சென்சார் கண்டுபிடித்து வெளியேற்றுகிற ஃபேனைப் போட்டுவிடும். அதுவரை மலையில் ஆட்கள் கதவைத் திறந்து முகத்தில் அடிக்கிற சூட்டை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். சென்சாரின் தலை சுண்டைக்காய் அளவு இருக்கும், உடம்பெல்லாம் பொடிப்பொடித் துளை. காற்று அந்தத் துளை வழியாகப் போனால்தான் அதற்கு ஈரம் தெரியும். பட்டறையில் பச்சைக்காய்க்கு எங்கே போவது? நனைத்த சாக்கைத் தட்டில் விரித்து மூன்று நாள் ஓட்டினேன். ஃபேன் சொன்னபடி கேட்டது. எல்லா வரிக்கும் டிக் போட்டேன்.

முதல் இயந்திரம் குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கிற ஓர் அம்மாவுக்கு. அதுவரை அடுத்தவருடைய உலர்கூடத்தில் காயைக் கொடுத்து உலர்த்திக்கொண்டிருந்தவர்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஏற்றுவதற்கு முன்னால் இயந்திரத்துக்குப் பூஜை போடுவோம். கடைசியாகச் செக் பண்ணினவர்தான் பொட்டு வைக்க வேண்டும். குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தேன். மோட்டாருக்கு, புளோயருக்கு, கதவுக்கு, சுவிட்ச் பெட்டிக்கு என்று உள்ளும் புறமும் ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். தம்பி பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“யக்கா, அதுல வேணாம்…” என்று ஏதோ ஆரம்பித்தான்.

“சாமி காரியத்துல குறுக்கப் பேசாதடா. வெரசா சூடத்தைக் கொளுத்து.”

அவன் கொளுத்தினான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினோம்.

நாலாம் நாள் காலையில் அந்த அம்மா போனில் கூப்பிட்டார். முதலாளி அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். “அண்ணே, காயி வெந்துபோச்சுண்ணே. மஞ்சளாக் கெடக்கு. மொத எடுப்பு முழுசும் போச்சு.” போட்டோவும் வந்தது. அவித்த கடலை நிறத்தில் இருந்தது காய். காயை ஏலம் விடுகிற இடத்தில் அதை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவும் மாட்டார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தாளை எடுத்து நீட்டினேன். “நான் பாத்தப்ப எல்லாம் சரியாத்தான்ணே இருந்துச்சு. வயரிங்ல ஏதாச்சும் லூசா இருக்கும்.”

யாரும் கேட்காமல் நானாகச் சொன்னது அந்த இரண்டாவது வாக்கியம்.

அண்ணன் கோபம் வந்தால் தம்பியை மாப்ளே என்று கூப்பிடுவதை விட்டுவிடுவார். “டேய், உனக்கு எத்தனை தடவடா சொல்றது? நாளையிலருந்து இந்தப் பக்கம் வராத.” தம்பி என்னை ஒரு தடவை பார்த்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ஸ்குரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவன் மனைவிக்கு அது ஏழாம் மாசம். எங்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

மறுநாள் அண்ணனும் நானும் ஜீப்பில் மேலே போனோம். அந்த அம்மா எங்களை வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. வாசலில் தார்ப்பாய் விரித்து அந்தக் காயைக் கொட்டிவைத்திருந்தார். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு வயராகப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. வேண்டுமென்றே பலமாக இழுத்தேன். ஏதாவது ஒன்று கழன்று வந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. வரவில்லை. அவ்வளவு சுத்தமான வயரிங்.

பிறகு டார்ச்சோடு உள்ளே குனிந்தேன். சென்சார் தலையில் சந்தனம். காய்ந்து கெட்டியாகி எல்லாத் துளையையும் அடைத்துக்கொண்டு, நடுவில் குங்குமத்தோடு, என் மோதிரவிரல் அகலத்துக்கு இருந்தது. அடக் கடவுளே! உள்ளே ஆவி மண்டி நின்றபோதும் சென்சாருக்கு எட்டவில்லை. ஃபேன் ஓடவே இல்லை. காய் வேகாமல் என்ன செய்யும்?

மூன்று நாள் ஓட்டிப் பார்த்த இயந்திரம் வேறு, வண்டியில் ஏறிய இயந்திரம் வேறு. நடுவில் பட்ட கை என்னுடையது.

“என்னத்தா, வயர் லூசா?” அண்ணன் வெளியிலிருந்து கேட்டார்.

நகத்தால் சுரண்டிவிட்டு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. சுரண்டக் கையையும் கொண்டுபோனேன், பொய் சொல்வானேன். அப்போதுதான் அவன் பூஜையில் தட்டோடு நின்றது ஞாபகம் வந்தது. ‘அதுல வேணாம்’ என்று அவன் சொன்ன ‘அது’ எது என்பது அங்கே, டிரையர் தட்டுகளுக்கு நடுவில் குனிந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

“வயர் இல்லண்ணே. நான் வச்ச பொட்டு.”

அண்ணன் எட்டிப் பார்த்தார். “சரி விடுத்தா. சாமிக்கு வச்சது. வேணும்னா செஞ்ச?” என்றார்.

எனக்குக் கூசிப்போயிற்று. “அவனை இப்படிச் சும்மா விட்டீகளாண்ணே?” என்று கேட்டுவிட்டேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தார்ப்பாயில் கிடந்த காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா குறுக்கிட்டார். “உங்க சாமியும் நீங்களும் பேசிக்கிடுங்க. எங்காயிக்கு யாரு பதில் சொல்றது?” அண்ணன் அந்த எடுப்பில் பறித்த காய்க்கு ஈடு தருவதாக ஒப்புக்கொண்டார். நான் சென்சாரைக் கழற்றிப் புதிது மாட்டி, தோட்டத்துப் பச்சைக்காயையே வைத்து ஃபேன் ஓடுகிறதா என்று சாயங்காலம் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

இறங்கும்போது அண்ணன் திரும்ப வரச்சொல்லித் தம்பிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. விடிந்ததும் நானே அவன் வீட்டுக்குப் போனேன். கம்பத்தில் ஒரு பட்டறையில் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று கிளம்பிக்கொண்டிருந்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுப் பையைக் கீழே வைத்தான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

“இனிமே பூஜையை மொதல்ல வச்சுருவோம். அதுக்கப்புறம் செக்கிங். தாள்லயும் எழுதிட்டேன்,” என்றேன்.

“அது நல்லதுக்கா.”

“அன்னைக்கு அண்ணன் அந்தத் திட்டு திட்டுறாரு. பொட்டு விசயத்தை அப்பவே சொல்ல வேண்டியதுதானடா?”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. “சொல்லியிருந்தா, தன் தப்பை மறைக்க சாமி மேல பழியப் போடுறான்னு நீங்கதானக்கா மொத ஆளாச் சொல்லியிருப்பீங்க?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.