தச்சரிடம் வாங்கிய சத்தியம்

சமூக சேவைப் படிப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பாலிஷ் வாடை அடிக்கிறது. அறுபதுகளின் தொடக்கம், மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சின்னாளப்பட்டிப் பக்கம் நாங்கள் பத்துப் பேர் அந்தப் படிப்பு படித்தோம். குடிகாரரைத் திருத்துவதும் அதில் ஒரு பாடம். வாத்தியாருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை தலையில் கைவைத்து, சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்; பதிவேட்டில் ரேகை வாங்கு. அதிகச் சத்தியம் வாங்கியவன் கெட்டிக்காரன். கருமம், அதையும் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்தோம்.

எனக்கு ஒதுக்கப்பட்டவர் திண்டுக்கல்லில் ஒரு தச்சர். சாராயம் கிடைக்காத நாளில் மரத்துக்குப் பூசுகிற, ஸ்பிரிட் கலந்த பாலிஷைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார். நான் முதலில் போனபோது தன் வாந்தியிலேயே படுத்துக்கிடந்தார். கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டே உபதேசம் பண்ணினேன். அந்த வாரமே ஐந்து வயது மகளின் தலையில் ஒரு கையை வைத்து, மறுகையால் சூடத்தை அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்றார். ரேகை வாங்கிக்கொண்டு திரும்பியபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாளே அவருக்குக் கை நடுங்கியது. அதற்கு அடுத்த நாள் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்ற, சுவரெல்லாம் தேள் ஊர்வதாகக் கத்தினார். பார்க்கப் போன என்னை அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தினார்.

“தம்பி, செத்த நேரம் நில்லுங்க. கம்பவுண்டரு இவரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்றாரு. விட்டா உசுருக்கே ஆபத்தாம். அங்கன மருந்தா கொஞ்சம் பிராந்தி குடுத்தாலும் குடுப்பாகளாம். போகட்டுமா?”

சைக்கிளை மிதித்துக்கொண்டு வாத்தியாரிடம் போனேன். நூற்றுக்கொண்டிருந்தவர் ராட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அம்புட்டும் நடிப்புப்பா. மூணு நாள் பல்லைக் கடிச்சா தீந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு விட்டே, உன் கேஸு போச்சு.”

கேஸ். எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் வாய் கூசாமல் சொன்னேன்:

“பிள்ளை தலையில அடிச்ச சத்தியம்க்கா. ஒரு சொட்டு உள்ள போனாலும் பிள்ளையத்தான பிடிக்கும்?”

நான் அதை நம்பியவன்கூட இல்லை. அந்த அம்மா மகளை இழுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தச்சருக்கு வலிப்பு வந்தது. ஒன்று நிற்பதற்குள் இன்னொன்று. ஜட்கா வண்டி பிடித்து வருவதற்குள் உயிர் போய்விட்டது.

வாத்தியார் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, தச்சர் பெயருக்கு நேரே தன் கைப்பட எழுதினார்: ‘இறுதிவரை சத்தியம் காத்தார்.’ தூ, அதுவும் ஒரு எழுத்தா. அந்த வாரம் வகுப்பில் என்னை எழுப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தக் கேஸைப் படிக்கச் சொன்னார்.

இத்தனை வருஷமாக அந்த வாத்தியாரைத் திட்டியே ஓட்டிவிட்டேன். ஆனால் எழுந்து நின்று படித்தது நான்தான். படித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.